ஸ்கொட்லாந்தில டக்ளஸ் முதுசம் (பரம்பரைச் சொத்து) ஆர்ச்சிபோல்டுக்கு எப்பிடிப் போனது?

நல்லூர்_வாசகி:
1388இல ஓட்டர்பேர்ண் சண்டையில டக்ளஸ் குடும்பத்து 2ஆம் ஏர்ல் (பிரபுப் பட்டம்) ஜேம்ஸ் டக்ளஸ் செத்திட்டார். முறையான பிள்ளை இல்லை. கூடப்பிறந்த இசபெல்லா உயிரோட இருக்கிறா. எங்கட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில எண்டால் சகோதரன் இல்லாத இடத்தில முதுசம் சகோதரிக்குத்தான் இறங்கும். ஆனா அங்க 3ஆம் ஏர்ல் ஆன ஆர்ச்சிபோல்டுக்குப் போயிருக்கு. அவர் முறையாப் பிறந்தவரும் இல்லை. வாளைக் காட்டிப் பறிச்சதோ?

வடமராட்சி_ஏடு:
பறிச்சதில்லை அக்கா, 1342ஆம் ஆண்டு உறுதியில (காணிப் பத்திரம்) ஆர்ச்சிபோல்டின்ரை பேர் இருந்தது. அப்ப காணிக்குரியவர் ஹியூ, மதகுரு. அவர் எல்லாத்தையும் அரசனிட்டைத் திருப்பிக் குடுக்க, அரசன் 2ஆம் டேவிட் புதுசா எழுதிக் குடுத்தார். வரிசை இதுதான்: முதல்ல ஹியூவின்ரை பெறாமகன் வில்லியமும் அவற்றை ஆண்வழியும். அது அற்றால் லிட்டஸ்டேல் வில்லியமும் அவற்றை ஆண்வழியும். அதுவும் அற்றால் ஆர்ச்சிபோல்ட்.

முதல் வில்லியம்தான் 1358இல ஏர்ல் ஆனவர். அவற்றை முறையான ஆண்வழி ஓட்டர்பேர்ணோட முடிஞ்சுது. லிட்டஸ்டேல்காரரை 1353இல அந்த வில்லியமே கொண்டுபோட்டார், ஆண்பிள்ளையும் இல்லை. மிஞ்சினது மூண்டாவது பேர். மற்றவைக்கு "ஆண்வழி" எண்ட சொல்லால உரிமை வந்தது. அதுக்குள்ள முறையில்லாப் பிள்ளையள் அடங்காயினம். ஆர்ச்சிபோல்டுக்கோ பேரையே எழுதியிருக்கு, அதால பிறப்பைக் கேக்கத் தேவையே இல்லாமப் போச்சு. இசபெல்லாவின்ரை புருஷன் மல்கம் டிரமண்ட் உரிமை கோரிப் பார்த்தார். 1389 ஏப்ரலில பாராளுமன்றம் 1342 உறுதியைத்தான் ஏற்றது.

கோப்பாய்_சுவடி:
வம்சாவளி கீறேக்கை கனபேர் பிழைவிடுற இடம் ஒண்டு. ஆர்ச்சிபோல்ட் எண்டு மூண்டு பேர். 1333இல ஹலிடன் குன்றுச் சண்டையில செத்தவர் 3ஆம் ஏர்லின்ரை சித்தப்பன். 1400 கிறிஸ்மஸோட செத்தவர்தான் 3ஆம் ஏர்ல். புரூஸ் அரசன்ரை இதயத்தைக் கொண்டுபோய் 1330இல ஸ்பெயினில செத்த இன்னொரு ஜேம்ஸின்ரை மகன். 1424இல பிரான்ஸில வெர்னே சண்டையில செத்தவர் இவற்றை மகன், 4ஆம் ஏர்ல். ஆண்டைப் போடாமல் பேரை மட்டும் எழுதினால் ரெண்டு தலைமுறை ஒண்டாப் போயிடும்.

வடமராட்சி_ஏடு:
ஓம், அதோட தகப்பன் 1330இல செத்தபடியா ஏர்ல் ஆகேக்கை 3ஆம் ஏர்லுக்கு 58 ஆவது இருக்கும். அதுக்கு முன்னமே பெரிய காணிக்காரர். பொத்வெல் 1362இல கட்டின மனுசி ஜோனாவின்ரை வழியா வந்தது, எங்கட பாசையில சீதனம். கலோவே 1369இல அரசன் குடுத்தது. விக்டவுன் 1372இல 500 பவுணுக்கு வாங்கினது, அசல் தேடியதேட்டம். 1342 உறுதியால வந்த டக்ளஸ்டேல் மட்டும்தான் முதுசம்.

நல்லூர்_வாசகி:
அப்ப இசபெல்லாவுக்கு ஒண்டுமே இல்லையோ?

கோப்பாய்_சுவடி:
இருக்கு. அந்த உறுதிக்குள்ள அடங்காத காணி அவவுக்குத்தான். தாய் வழியில வந்த மார் பிரதேசம் அதில பெரிசு.