மெயிலிங் லிஸ்ட்டை எதில் படிக்கிறீர்கள்: மெயிலிலா, ஃபீட் ரீடரிலா?

சர்வர்_செந்தில்:
எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் யாரோ பின்கதவு வைத்த விவகாரம் எல்லோருக்கும் தெரியும். 2024 மார்ச் 29, புனித வெள்ளி. ஓப்பன் சோர்ஸ் பாதுகாப்பு பற்றிய ஓஎஸ்எஸ்-செக்யூரிட்டி மெயிலிங் லிஸ்ட்டில் (சேர்ந்த எல்லோருக்கும் மடல் போகும் குழு) அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் எழுதிய மடல் என் இன்பாக்ஸுக்கு வரவே இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஃபோனில் ஃபீடை (தளங்களில் புதிதாக வருபவற்றைத் திரட்டிக் காட்டும் பட்டியல்) தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் தலைப்பு கண்ணில் பட்டது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியாகப் பின்கதவு! எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்து டெபியன் லினக்ஸின் வளர்ச்சிப் பதிப்பான சிட் ஓடும் டெஸ்ட் மெஷினில் எக்ஸ்இசட் பதிப்பைப் பார்த்தால் 5.6.1. பின்கதவு இருக்கும் அதே பதிப்புதான். கை நடுங்கிவிட்டது. மறுநாள் தேடினால் மடல் ஸ்பாமில் கிடக்கிறது. ஸ்கிரிப்ட்டும் இணைப்புக் கோப்புகளுமாக இருந்ததால் வடிகட்டி சந்தேகப்பட்டிருக்கும். இப்போது செக்யூரிட்டி லிஸ்ட் எல்லாமே எனக்கு ஃபீடில்தான்.

பேட்ச்_பாரதி:
படிக்க மட்டும் என்றால் சரி. பதில் எழுத வேண்டி வந்தால்? லினக்ஸ் கெர்னல் லிஸ்ட் ஒன்றை, அந்த லிஸ்ட்டுகளின் காப்பகமான லோர் தளத்தின் ஆட்டம் வகை ஃபீடில் படித்துக்கொண்டிருந்தேன். நான் தினமும் பயன்படுத்தும் டிரைவருக்கு ஒருவர் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியிருந்தார். அது என் மெஷினில் சஸ்பெண்டை (தூக்க நிலையை) உடைத்தது. உடனே சொல்லியாக வேண்டும், ஆனால் ரீடரில் பதில் பட்டனே கிடையாது. அந்தத் திரியின் எம்பாக்ஸை (மடல்கள் அடங்கிய கோப்பு) இறக்கி, 'மட்' (Mutt) என்ற மெயில் மென்பொருளில் திறந்து, 'எல்லோருக்கும் பதில்' போட்டுத்தான் அனுப்பினேன். அப்படிச் செய்தால்தான் எந்த மடலுக்குப் பதில் என்று சொல்லும் இன்-ரிப்ளை-டு வரி சரியாக அமைந்து மடல் அதே திரியில் உட்காரும். அப்புறம், ஃபீடில் கடைசிச் சில மடல்கள்தான் இருக்கும். கெர்னல் லிஸ்ட்டில் ஒரு நாளைக்குப் பல நூறு வரும். லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கினால் நடுவில் வந்தவை போனவைதான்.

நைட்ஷிஃப்ட்:
செந்தில், ஸ்பாமுக்குப் பயந்து மெயிலையே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த லிஸ்ட்டின் மடல் என்று காட்டும் லிஸ்ட்-ஐடி தலைப்பு வரியை வைத்து ஒரு ஃபில்டர் போட்டு, 'ஸ்பாமுக்கு அனுப்பாதே' என்று குறித்தால் போதுமே. எனக்கு நடந்தது வேறு: இன்டர்வியூ அழைப்பு ஒன்று பேட்ச் மடல்களுக்கு நடுவே புதைந்து, தேதி போன பிறகுதான் பார்த்தேன்.
இரண்டு பேருமே என்என்டிபியை (நியூஸ் சர்வரிலிருந்து மடல்களைப் படிக்கும் பழைய முறை) மறந்துவிட்டீர்கள். லார்ஸ் இங்கபிரிக்ட்சன் 2002-ல் தொடங்கிய, மெயிலிங் லிஸ்ட்டுகளை அந்த முறையில் தரும் ஜிமேன் இன்னும் இருக்கிறது. 2016-ல் அதன் வலைப்பக்கம் நின்றது, 2020-ல் ஜிமேன்.ஐஓவுக்கு மாறியது. லோருக்கும் நியூஸ் சர்வர் உண்டு. தண்டர்பேர்ட் மெயில் மென்பொருளில் நியூஸ் கணக்காகச் சேர்த்துவிடுங்கள். திரி கலையாது, பழையது காணாமல் போகாது, இன்பாக்ஸும் நிரம்பாது, ஜிமேனில் என்றால் பதிலும் அங்கிருந்தே எழுதலாம். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதே இல்லை, அதுதான் வருத்தம்.

பேட்ச்_பாரதி:
வீட்டில் சரி. எங்கள் ஆபீஸ் நெட்டில் என்என்டிபி பயன்படுத்தும் 119 போர்ட்டைத் திறக்கவே மாட்டார்கள். ஃபீட் சாதாரண வலைப்பக்கம் மாதிரி 443-லேயே வந்துவிடும். பகலில் எனக்கு அதுதான் வழி.