டிஎஸ்சி டோக்கனின் விளக்கைப் படம்பிடித்து ரகசியச் சாவியை எடுக்க இயலுமா?

சிம்மக்கல் கணக்கர்:
வணக்கம். வரித் தாக்கல் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஒப்பந்ததாரர்கள், பாத்திர வியாபாரிகள் எனப் பலருடைய டிஎஸ்சி டோக்கன்கள் (மின்னணுக் கையொப்பமிட உதவும் யூஎஸ்பி கருவிகள்) பெயர்ச்சீட்டு ஒட்டிய நிலையில் எங்கள் மேசை இழுப்பறையிலேயே இருக்கும். ஜிஎஸ்டி, டெண்டர் வேலை வரும்போது எடுத்துச் செருகுவோம். கையொப்பமிடப் பயன்படும் நீண்ட ரகசிய எண்ணான சாவி ஒருபோதும் டோக்கனை விட்டு வெளியே வராது என்றுதான் விற்றவர் கூறினார். ஆனால் ஸ்மார்ட் கார்டு ரீடரின் விளக்கைக் கேமராவில் பதிவு செய்தே சாவியைக் கண்டறிந்ததாகப் படித்தேன். எங்கள் மேசைக்கு மேலே சிசிடிவி கேமரா உள்ளது. அஞ்ச வேண்டுமா?

பரங்குன்றம் விரிவுரையாளர்:
விற்றவர் சொன்னதில் பிழையில்லை. சாவி வெளியே வராது. ஆனால் அதைக் கொண்டு உள்ளே கணக்கிடும்போது சில்லு எடுத்துக்கொள்ளும் நேரமும் மின்சாரமும், அது உமிழும் மின்காந்த அலையும் வெளியிலிருந்தே அளக்கக்கூடியவை. நேரத்தை மட்டும் அளந்து சாவியை அறியலாம் என்று மறையாக்க ஆய்வாளர் பால் கோச்சர் 1996இல் காட்டினார்; 1999இல் அவரும் ஜாஃபே, ஜுன் ஆகியோரும் மின்நுகர்வைக் கொண்டு அதையே செய்தனர்.

எங்கள் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதைக் காட்டுவதுண்டு. பாதுகாப்பு ஏதுமில்லாமல் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை எழுதப்பட்ட மைக்ரோகன்ட்ரோலரின் (சிறு கணினிச் சில்லின்) கிரவுண்ட் கம்பியில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால், சாவியின் பிட் 0 எனில் வர்க்கமாக்கல் மட்டும், 1 எனில் அதனுடன் ஒரு பெருக்கலும் நடப்பதால், திரையில் ஒற்றை மேடும் இரட்டை மேடுமாக வரிசை ஓடும். அதைப் பார்த்தே சாவியைத் தாளில் எழுதிவிடலாம். 128 பிட் சாவி கொண்ட ஏஇஎஸ்-128 என்ற மற்றொரு முறை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்காது. ஆனால் பல அலைவடிவங்களைச் சேகரித்துப் பைட் பைட்டாகச் சோதித்தால், 2இன் 128ஆம் அடுக்கு ஊகங்களுக்குப் பதிலாக 16 பைட்டுக்கு 256 வீதம் 4,096 ஊகங்களே போதும். மறையாக்கத்தின் கணிதம் உடையவே இல்லை என்பதுதான் இதில் வியப்பு.

நீங்கள் படித்தது 2023ஆம் ஆண்டின் ஆய்வு. மின்நுகர்வு மாறும்போது விளக்கின் ஒளியும் நுண்ணிய அளவில் மாறும். கேமரா ஒவ்வொரு படத்தையும் வரிவரியாகப் பதிவதால், நொடிக்கு 60 படம் எடுக்கும் கருவியும் நொடிக்கு ஏறத்தாழ 60,000 அளவீடுகளைத் தந்துவிடும். 16 மீட்டர் தொலைவிலிருந்த கேமராவால் அதைச் செய்தார்கள். எனினும் விளக்கு மட்டுமே படம் முழுவதும் நிறையும்படி ஜூம் செய்து, அட்டை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓயாமல் கையொப்பமிட வேண்டியிருந்தது. அந்த அட்டையும் நேரக் கசிவு (கணக்கிடும் நேரத்தின் வழியே சாவி வெளிப்படும் குறை) உள்ளதென முன்பே அறியப்பட்டது. மேசை முழுவதையும் காட்டும் சிசிடிவியால், நாளுக்குச் சில கையொப்பங்களை வைத்துக்கொண்டு, அது நடவாது.

வைகை வடகரை:
விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டினால் போதாதா?

பரங்குன்றம் விரிவுரையாளர்:
அந்த விளக்குக்குப் போதும். ஆனால் அதே ஆய்வில் கைபேசி ஒன்றின் சாவியைக் காட்டிக்கொடுத்தது, அக்கைபேசி இணைந்திருந்த யூஎஸ்பி ஹப்பிலேயே செருகியிருந்த ஸ்பீக்கரின் விளக்கு. சாவி எதுவாயினும் ஒரே நேரம் எடுக்கும்படி நிரல் எழுதுவதும், கணக்கின் நடுவே வரும் இடைமதிப்புகளைத் தற்போக்கு எண்களால் மறைப்பதுமே உரிய தீர்வு. அது தயாரிப்பாளரின் பொறுப்பு.

தணிக்கையாளர், கே.கே.நகர்:
தயாரிப்பாளர்களும் சறுக்குவதுண்டு. பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற, இன்ஃபினியன் நிறுவனச் சில்லுகளில் இத்தகைய நேரக் கசிவு ஒன்று 2024இல் வெளிவந்தது, 5.7க்கு முந்தைய மென்பொருளுடைய யூபிகீ 5 என்ற பாதுகாப்புச் சாவிக் கருவிகளும் அதில் அடங்கும், அவற்றின் மென்பொருளைப் புதுப்பிக்கவும் வழியில்லை. ஆயினும் அதற்கும் கருவி தாக்குபவரின் கைக்குப் போய், உறை திறக்கப்பட வேண்டும்.

கேட்டவருக்கு ஒன்று: கைக்குப் போவது உங்கள் இழுப்பறையில் மிக எளிது. மேலேயுள்ள கேமராவுக்கு டோக்கனின் விளக்கைவிட, நீங்கள் பின் எண்ணைத் தட்டும் கீபோர்டு தெளிவாகத் தெரியும். சாவியைப் பிரித்தெடுக்காமலேயே கையொப்பமிட டோக்கனும் பின் எண்ணும் போதுமானவை. கேமராவைத் திருப்பிவிட்டு, டோக்கன்களை உரியவர்களிடமே ஒப்படையுங்கள்.