உதவி: கேஸ் ஹாப் டிக் டிக்னு அடிச்சிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது

மஞ்சக்குப்பம் மருமக (வெள்ளி, இரவு 9.12)
அவசரம். மேடைக்கல்லுல பதிச்ச கேஸ் அடுப்பு (ஹாப்), ஒரு மணி நேரமா விடாம டிக் டிக் டிக்னு அடிக்குது. நாலு பர்னர்லயும் பொறி வருது. வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு. கம்பெனி ஆள் திங்கக்கிழமைதான் வருவாராம். பாப்பா தூங்க மாட்டேங்குது. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

லாஸ்பேட்டை (9.20)
நாப் எல்லாம் ஆஃப்ல இருக்கும்போதே அடிக்குதா, இல்ல பத்த வெச்ச பிறகும் நிக்காம அடிக்குதா? ரெண்டும் வேற வேற பிரச்சினை. செல் போடுற ஹாப்பா, பிளக்கா?

ஓ.டி. கடற்கரை (9.24)
மஞ்சக்குப்பம்னா கடலூர், பேரைப் பாத்ததுமே விடை வந்துடுச்சு. உப்புக்காத்து. எங்க வீட்டு சன்னல் கம்பியே மூணு வருஷத்துல பொரிஞ்சு போச்சு, உள்ள இருக்குற துளியூண்டு சுவிட்ச் எம்மாத்திரம்? மாட்டுற அன்னைக்கே சொன்னேன், கடலோரத்துல ஹாப் ஆகாதுன்னு.

லாஸ்பேட்டை (9.26)
அவங்க வீட்டுக்கு நீங்க எப்ப மாட்டப் போனீங்க அண்ணே?

ஓ.டி. கடற்கரை (9.27)
பொதுவா சொன்னேன்.

பழைய கை (9.41)
மாடல் இல்ல, போட்டோ இல்ல, என்ன நடந்ததுன்னும் ஒரு வரி இல்ல. "அவசரம்"னு போட்டா ஜோசியம் பாத்தா சொல்றது? இதே கேள்விக்கு இந்த வருஷம் மட்டும் நாலு தடவை பதில் எழுதிட்டேன். தேடிப் பாக்கற பழக்கம் யாருக்கும் இல்ல.

முத்தியால்பேட்டை அக்கா (9.44)
கைக்குழந்தை வெச்சுக்கிட்டு கேக்குற பொண்ணுகிட்ட இப்படியா பேசுவீங்க? தங்கச்சி, மொதல்ல கேஸ் வாசனை வருதா பாரு. வந்தா பிளக்கு, லைட்டு எதையும் தொடாத. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிட்டு கதவு சன்னலைத் திறந்து விட்டு வெளிய வந்து கேஸ் அவசர நம்பர் 1906க்கு அடி. வாசனை இல்லேன்னாலும் ரெகுலேட்டரை மூடிட்டு ஹாப் பிளக்கைப் புடுங்கிடு. சத்தம் நிக்கும், பாப்பா தூங்கும். மிச்சத்தைக் காலையில பாத்துக்கலாம்.

மஞ்சக்குப்பம் மருமக (9.58)
வாசனை இல்லக்கா. பிளக்கை எடுத்தேன், நின்னுடுச்சு!! எல்லா நாப்பும் ஆஃப்லதான் இருந்துச்சு. காலையில டிபன் எப்படி செய்யறது?

லாஸ்பேட்டை (10.03)
கரண்ட் பொறிக்கு மட்டும்தான். கேஸ் வழக்கம்போல வரும். காலையில நாப்பை அழுத்தித் திருப்பி லைட்டர்ல பத்த வைங்க.

அரியாங்குப்பம் எலக்ட்ரிக்கல் (10.10)
இது எர்த் பிரச்சினை. எங்க வீட்டு ஹாப்பும் இப்படித்தான் அடிச்சிட்டே இருந்துச்சு. சாக்கெட்ல ஃபேஸ், நியூட்ரல் ஒயர் ரெண்டும் இடம் மாறி இருந்துச்சு. மாத்தினதும் சரியாயிடுச்சு.

லாஸ்பேட்டை (10.16)
உங்களோடது தீ இருக்கான்னு தானே பாத்து, அணைஞ்சா மறுபடி பத்த வைக்கிற வகை சார். பத்த வெச்ச பிறகும் அடிச்சிருக்கும். இவங்களோடது ஆஃப்லயே அடிக்குது. அப்படின்னா ஏதோ ஒரு நாப்புக்கு அடியில இருக்குற சுவிட்ச் ஒட்டிக்கிட்டு இருக்கு, இல்ல தண்ணி போயிருக்கு. நாலு சுவிட்சும் பொறி உண்டாக்குற ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஒண்ணு கெட்டாலும் நாலு பர்னரும் சேர்ந்துதான் அடிக்கும். எது கெட்டதுன்னு பொறியைப் பாத்துச் சொல்ல முடியாது. இன்னைக்குப் பால் கில் பொங்குச்சா?

மஞ்சக்குப்பம் மருமக (10.31)
பொங்கல. நேத்து ராத்திரி அத்தை அடுப்பைக் கழுவுனாங்க, வெள்ளிக்கிழமைன்னு. எப்பவும் கழுவுறதுதான், அதனாலதான் சொல்லல.

பழைய கை (10.33)
இதோ. இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தா இருபது பேர் நேரம் மிச்சம். ஹாப்பைக் கழுவக் கூடாது. துணியால துடைக்கணும். கம்பெனி புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருப்பான்.

நெல்லித்தோப்பு (10.40)
எங்க அம்மா அம்பது வருஷமா வெள்ளிக்கிழமை அடுப்பைக் கழுவி, கோலம் போட்டு, குங்குமம் வெச்சுட்டுதான் பால் காய்ச்சுறாங்க. கழுவாத அடுப்பு என்ன அடுப்பு? தப்பு அத்தை மேல இல்ல. தண்ணி தாங்காத சாமானை அடுப்புன்னு விக்குறான் பாருங்க, அவன் மேல.

பழைய கை (10.44)
அம்மா கழுவினது இரும்பு அடுப்பு. டிவியையும் கழுவுவாரா?

நெல்லித்தோப்பு (10.45)
டிவியில குழம்பு பொங்குமா சார்?

ஓ.டி. கடற்கரை (10.49)
ரெண்டு பர்னர் ஸ்டீல் அடுப்பும் அஞ்சு ரூபா தீப்பெட்டியும் போதும். சாய்ச்சு வெச்சு தேய்ச்சுக் கழுவலாம். ஹாப்பைக் கல்லுல குழி வெட்டிப் பதிச்சாச்சு, தூக்கவும் முடியாது.

ரெயின்போ நகர் (11.05)
சண்டைக்கு நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில எங்க வீட்டுக்குள்ள முட்டிக்கால் அளவு தண்ணி. மேடை வரைக்கும் ஏறல, ஆனா ஈரத்துலயே ஹாப் பாழாப் போச்சு. கரண்ட் வந்த நிமிஷம் யாரும் தொடாமலே டிக் டிக். நாப்பை எல்லாம் கழட்டிட்டு டேபிள் ஃபேனை அதுக்கு நேரா ரெண்டு நாள் ஓட விட்டோம். தானா நின்னுடுச்சு. ஹேர் டிரையர்னா சூடு கம்மியா வெச்சு தள்ளிப் பிடிங்க, ஹாப் மேல இருக்குறது கண்ணாடி.

லாஸ்பேட்டை (11.12)
சரியாச் சொன்னீங்க. பிளக்கும் ரெகுலேட்டரும் ஆஃப்லயே இருக்கட்டும். நாப்பை நேரா மேல இழுத்தா கையோட வந்துடும். கம்பி மாதிரி ஒரு தண்டு நிக்கும். ஒவ்வொண்ணையும் விரலால அழுத்தி விடுங்க. நல்லதா இருந்தா டக்குனு எழும்பும். எது மந்தமா மேல வருதோ, எது கீழயே உக்காந்துடுதோ, அதுதான் கள்ளன். அதைச் சுத்தி அழுக்கு இருந்தா காது குடையிற பஞ்சுக்குச்சியால எடுங்க. மொபைல் ரிப்பேர் கடையில ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) கேட்டு ரெண்டு சொட்டு தொட்டுக்கலாம், அதுவும் பத்திக்கிற சாமான்தான், முழுசா காஞ்ச பிறகுதான் அடுப்பு. எண்ணெய் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். கண்ணாடியைத் தூக்கி உள்ள கை வைக்காதீங்க, அதைக் கம்பெனி ஆள் பாத்துக்கட்டும்.

அரியாங்குப்பம் எலக்ட்ரிக்கல் (11.30)
எதுக்கும் எர்த்தையும் ஒரு தடவை பாத்துடுங்க.

முத்தியால்பேட்டை அக்கா (சனி, காலை 8.15)
தங்கச்சி என்னாச்சு? பாப்பா தூங்குச்சா?

முத்தியால்பேட்டை அக்கா (ஞாயிறு, மாலை 6.50)
?

மஞ்சக்குப்பம் மருமக (செவ்வாய், பகல் 1.05)
ஸாரி, ஊர்லேர்ந்து விருந்தாளி வந்துட்டாங்க. சரியாயிடுச்சு. மூணாவது நாப்தான் அழுத்தினா எழும்பல. தண்டைச் சுத்தி வெள்ளையா கெட்டியா பிடிச்சிருந்துச்சு. கோலமாவு. அத்தை ஈரமாவுல நாப்பைச் சுத்தி இழை போடுவாங்க, வாராவாரம் கழுவும்போது கரைஞ்சு உள்ள இறங்கியிருக்கு. குச்சியால சுரண்டி, ஒரு நாள் ஃபேன்ல வெச்சேன். கம்பெனி ஆளை வரவேண்டாம்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் கோலம் அடுப்புக்கு முன்னாடி மேடையில போடலாம்னு அத்தைகிட்ட பேசணும், இன்னும் பேசல.

ஓ.டி. கடற்கரை (1.20)
அந்த வெள்ளை கோலமாவுதான்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க? உப்பாவும் இருக்கலாம். நாக்குல வெச்சுப் பாத்தீங்களா?