புதுப்பிப்பு: எஷோவே காட்டில் நரினா ட்ரோகன்

தென்னாப்பிரிக்காவின் எஷோவே ஊரிலுள்ள ட்லின்சா காட்டின் இருட்டிலும் இலைமறைவிலும் நரினா ட்ரோகன் பறவையின் படமெல்லாம் மங்கலாக வருகிறதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். முக்காலி கொண்டு போகச் சொன்னீர்கள். கொடிகளுக்கிடையே அதை விரிக்க இடமேது! தம்பி ஒருவர் சொன்னபடி கேமராவின் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200க்கு உயர்த்தியதுதான் கைகொடுத்தது. படத்தில் புள்ளிகள் தெரிகின்றன, பரவாயில்லை.

பெரிய சிக்கல் பறவையேதான். வயிறு செக்கச்செவேல் என்றிருந்தாலும், பச்சை முதுகை நம் பக்கம் திருப்பி அசையாமல் உட்கார்ந்துவிடும். ஆட்டோஃபோகஸோ முன்னால் உள்ள இலையைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றினேன். அப்புறம், 10 மீட்டர் வரை உயரும் நடைபாலத்தில் ஏறியதும் வெளிச்சமும் கோணமும் சரியாயின.

பதிவு செய்த கூவலைப் போட்டு அழைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். கூடுகட்டும் காலத்தில் அது பெரிய தொந்தரவு. டர்பனிலிருந்து வருபவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.