என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர்: மாறாத ஃபீல்டு ஆடிட்டில் வருகிறது, மாறியது வரவே இல்லை

செமிகோலன்:

மூன்று நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஓர் ஆவணப் பதிவேட்டுக்கான செயலி. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 6 (டாட்நெட் ஆப்ஜெக்டுகளை டேபிள் வரிசைகளோடு இணைக்கும் மைக்ரோசாஃப்ட் நூலகம்), பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ். யார், எப்போது, எந்த ஃபீல்டை, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று தனி ஆடிட் டேபிளில் எழுத வேண்டும். அதற்காக, டேட்டாபேஸோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் கிளாஸில், மாற்றங்களை எழுதும் சேவ்சேஞ்சஸ் மெத்தடை ஓவர்ரைடு செய்து என் கோடைச் சேர்த்திருக்கிறேன். எந்த ஆப்ஜெக்டில் எது மாறியது என்று கவனித்து வைக்கும் சேஞ்ச்டிராக்கரின் என்ட்ரிகளை லூப்பில் ஓட்டி, ஸ்டேட் 'மாடிஃபைட்' என்று இருப்பவற்றில் இஸ்மாடிஃபைட் ஆன பிராப்பர்ட்டிகளின் ஒரிஜினல்வேல்யூ, கரன்ட்வேல்யூ இரண்டையும் எடுத்து எழுதுகிறேன். இதுவரை சரி.

திருத்தும் படிவத்தில் ஆவணம் 417-இன் பொறுப்பாளரை மட்டும் 'நிர்வாகம்' என்பதிலிருந்து 'கணக்குப் பிரிவு' என்று மாற்றி சேவ் செய்தேன். ஆடிட்டில் ஒரு வரி வரும் என்று பார்த்தால், ஐடி தவிர மற்ற பத்து ஃபீல்டுக்கும் வரி வந்திருக்கிறது. அதுவும் இப்படி:

தலைப்பு: 'ஆண்டறிக்கை வரைவு' → 'ஆண்டறிக்கை வரைவு'
பொறுப்பாளர்: 'கணக்குப் பிரிவு' → 'கணக்குப் பிரிவு'
நிலை: 'பரிசீலனையில்' → 'பரிசீலனையில்'

'நிர்வாகம்' எங்கே போனது? பழைய மதிப்பைக் காட்டுவதற்குத்தானே ஆடிட்டே!

இன்னொரு திரையில் இதற்கு நேர் எதிரான கூத்து. பட்டியலில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கத்தில் ஒரு பிளஸ் பட்டன், அதை அழுத்தினால் குறிச்சொல் சேரும். கோடு மூன்றே வரி: ஃபைண்ட் செய்து ஆவணத்தை எடுக்கிறேன், அதன் குறிச்சொற்கள் லிஸ்டில் ஆட் செய்கிறேன், சேவ்சேஞ்சஸ். எக்செப்ஷன் இல்லை. திரும்பி வரும் எண் 0. டேபிளிலும் மாற்றம் இல்லை, ஆடிட்டிலும் இல்லை. குறிச்சொற்கள் என்பது ஸ்ட்ரிங் லிஸ்ட், ஹேஸ்கன்வெர்ஷன் (மதிப்பைச் சேமிக்கும்போதும் படிக்கும்போதும் உருமாற்றும் அமைப்பு) வைத்து டேபிளின் ஒரே காலத்தில், அதாவது ஒரே நெடுவரிசையில், ஜேசன் எழுத்துவடிவமாகச் சேமிக்கிறேன்.

வெறுத்துப்போய் பிளஸ் பட்டனில் மட்டும் ஸ்டேட்டைக் கையாலேயே மாடிஃபைட் ஆக்கிப் பார்த்தேன். சேவ் ஆகிறது. ஆனால் ஆடிட்டில் மறுபடியும் பத்து வரி.

பழைய_கீபோர்டு:

படிவத்தின் கோடை நீங்கள் காட்டவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன். படிவத்திலிருந்து வந்த மதிப்புகளை வைத்துப் புதிதாக ஓர் ஆவண ஆப்ஜெக்டை உருவாக்கி, கான்டெக்ஸ்டில் அப்டேட் என்று கூப்பிடுகிறீர்கள், அப்படித்தானே?

அந்த ஆப்ஜெக்ட் டேட்டாபேஸிலிருந்து வரவில்லை. அப்டேட்டைக் கூப்பிடும் நொடிவரை அது டிடாச்டு, அதாவது டிராக்கரின் கவனிப்பில் இல்லாதது. டிராக்கர் அதை முதன்முதலில் பார்ப்பதே அப்போதுதான். பார்த்த அந்தக் கணத்தில் இருக்கும் மதிப்புதான் அதற்கு ஒரிஜினல். 'நிர்வாகம்' என்ற சொல்லை அது கேள்விப்பட்டதே இல்லை, பிறகு எப்படி எழுதும்? எது மாறியது என்று தெரியாததால் கீ தவிர எல்லாவற்றையும் மாடிஃபைட் என்று குறித்து, எல்லாக் காலத்தையும் அப்டேட் வாக்கியத்தில் தள்ளிவிடுகிறது.

முதலில் ஃபைண்ட் செய்து ஆவணத்தை எடுங்கள், டிராக்கரைத் தவிர்க்கும் ஆஸ்நோடிராக்கிங் போடாமல். பிறகு அந்த என்ட்ரியின் கரன்ட்வேல்யூஸில் செட்வேல்யூஸைக் கூப்பிட்டுப் படிவத்தின் ஆப்ஜெக்டைக் கொடுங்கள். வேறுபடும் பிராப்பர்ட்டி மட்டும் மாடிஃபைட் ஆகும், பழைய மதிப்பும் கையில் இருக்கும். கூடுதலாக ஒரு செலக்ட் ஓடும்தான். ஆடிட் வேண்டும் என்றால் அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.

ரோவெர்ஷன் (வரிசை மாறும்போதெல்லாம் தானே மாறும் பதிப்பு அடையாளம்) வைத்திருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள், நான் இதில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். படிவத்தோடு போய்வந்த பழைய ரோவெர்ஷனை அந்த பிராப்பர்ட்டியின் ஒரிஜினல்வேல்யூவில் நீங்களே வைக்க வேண்டும். அப்டேட் வாக்கியத்தின் WHERE நிபந்தனையில் போவது ஒரிஜினல் மதிப்புதான். வைக்காவிட்டால் இப்போது ஃபைண்டில் வந்த புத்தம்புது ரோவெர்ஷனோடு ஒப்பிட்டு எல்லாம் சுமுகம் என்று சொல்லிவிடும், நடுவில் வேறொருவர் செய்த திருத்தம் சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

செமிகோலன்:

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள், அப்டேட்தான். செட்வேல்யூஸுக்கு மாற்றினேன். பொறுப்பாளர் அழகாக 'நிர்வாகம்' → 'கணக்குப் பிரிவு' என்று வருகிறது. ஆனால் கூடவே ஒரு வால். நான் தொடவே தொடாத குறிச்சொற்கள் ஒவ்வொரு சேவிலும் வருகிறது:

குறிச்சொற்கள்: 'வரைவு, அவசரம்' → 'வரைவு, அவசரம்'

பிளஸ் பட்டனில் மாற்றினால் வராது, படிவத்தில் மாற்றாவிட்டாலும் வரும். என்னைக் கிண்டல் செய்கிறது போலிருக்கிறது.

நூல்கண்டு:

இரண்டும் ஒரே நோய்தான்.

ஆவணத்தை எடுத்தவுடன் டிராக்கர் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறது. சேவ்சேஞ்சஸ் உள்ளே டிடெக்ட்சேஞ்சஸ் ஓடும்போது, இப்போதைய மதிப்பை அந்த ஸ்னாப்ஷாட்டோடு ஒப்பிடுகிறது. எண், ஸ்ட்ரிங் என்றால் பிரச்சினை இல்லை. லிஸ்ட் என்றால்? நீங்கள் எதுவும் சொல்லாதவரை ஸ்னாப்ஷாட் என்பது அதே லிஸ்டின் ரெஃபரன்ஸ் (நகல் அல்ல, அதைச் சுட்டும் முகவரி), ஒப்பீடும் ரெஃபரன்ஸ் ஒப்பீடு. பிளஸ் பட்டனில் லிஸ்டுக்கு உள்ளேயே சேர்க்கிறீர்கள். ஸ்னாப்ஷாட்டும் அதே லிஸ்ட் என்பதால் அதிலும் சேர்ந்துவிடுகிறது. தன்னைத் தானே கண்ணாடியில் பார்த்து, அதே ஆள்தான் என்கிறது. படிவத்திலிருந்து வருவதோ புது லிஸ்ட். உள்ளே அதே இரண்டு சொற்கள் இருந்தாலும் ரெஃபரன்ஸ் வேறு, ஆகவே மாடிஃபைட்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், பிளஸ் பட்டனில் சேவுக்கு முன்னால் டிடெக்ட்சேஞ்சஸைக் கூப்பிட்டுவிட்டு சேஞ்ச்டிராக்கரின் டிபக்வியூவில் லாங்வியூவை அச்சிடுங்கள். 'ஆவணம் 417 அன்சேஞ்ச்டு' என்றுதான் நிற்கும். முதலில் டிடெக்ட்சேஞ்சஸைக் கூப்பிட மறந்தால், உண்மையில் மாறிய ஃபீல்டைக்கூட அன்சேஞ்ச்டு என்று காட்டி இன்னும் குழப்பும்.

ஹேஸ்கன்வெர்ஷனோடு, எப்படி ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் ஒரு வேல்யூகம்பேரரும் கொடுங்கள். அதற்கு மூன்று லாம்ப்டா (சிறு ஃபங்ஷன்கள்): சமமா என்று பார்க்க சீக்வென்ஸ்ஈக்குவல், உறுப்புகளைச் சேர்த்து ஒரு ஹாஷ்கோடு, ஸ்னாப்ஷாட்டுக்கு டூலிஸ்ட். மூன்றாவதுதான் உயிர்நாடி. பலர் முதல் இரண்டை மட்டும் எழுதிவிட்டு, பிளஸ் பட்டன் இன்னும் வேலை செய்யவில்லையே என்று திரும்ப வருவார்கள்.

பதிப்பு 8-க்குப் போகும் யோசனை இருந்தால் இதில் பாதி வேலை மிச்சம். அதில் ஸ்ட்ரிங் லிஸ்டை அதுவே ஜேசன் காலமாக மேப் செய்து, ஒப்பீட்டையும் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் ஏற்கெனவே ஜேசனில் வைத்திருப்பதால் ஹேஸ்கன்வெர்ஷனை எடுத்துவிடலாம். கமா போட்டுச் சேமித்தவர்கள்தான் டேட்டாவை மாற்றி எழுத வேண்டும்.

அப்புறம், மாடல் உருவாகும்போது இதைப் பற்றி ஒரு வார்னிங் வந்திருக்க வேண்டுமே? 'கலெக்‌ஷன், வேல்யூ கன்வெர்ட்டர் உண்டு, வேல்யூ கம்பேரர் இல்லை' என்ற பொருளில். லாக்கைப் பார்த்தீர்களா?

ரோல்பேக்_ராத்திரி:

நான் ஹைபர்நேட் பக்கம், இதே வேலையை ஜாவாவில் செய்யும் நூலகம். அங்கே மெர்ஜ் கூப்பிட்டால் டேட்டாபேஸிலிருந்து தானே படித்துக்கொண்டு, அந்தப் பிரதியின் மேல் மதிப்புகளை நகலெடுக்கும், அதனால் உங்கள் முதல் பிரச்சினை இந்த உருவத்தில் வராது. வேறு உருவத்தில் வரும்: மெர்ஜ் திருப்பித் தருவதுதான் டிராக் ஆகும் ஆப்ஜெக்ட், நீங்கள் உள்ளே கொடுத்தது டிடாச்டாகவே கிடக்கும். அதை மாற்றிக்கொண்டே இருந்தால் காற்றில் எழுதுவது போலத்தான். ஒரு ஃபீல்டு மாறினாலும் எஸ்க்யூஎல்லில் எல்லாக் காலமும் போவது அங்கே இயல்பு, டைனமிக்அப்டேட் போட்டால்தான் மாறும்.

உங்கள் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. பதிப்பு 7-இல் வந்த எக்ஸிக்யூட்அப்டேட், எக்ஸிக்யூட்டெலிட், அல்லது நேரடியாக ஓட்டும் எஸ்க்யூஎல், இவை எதுவும் டிராக்கர் வழியாகப் போகாது. ஆடிட்டில் ஒரு வரிகூட வராது. ஒன்றும் தப்பவே கூடாது என்றால் டேட்டாபேஸ் டிரிகர் (டேபிள் மாறும்போது தானே ஓடும் கோடு), அல்லது டெம்போரல் டேபிள் (பழைய வரிசைகளைத் தானே சேமித்துவைக்கும் டேபிள்). பதிப்பு 6-இலேயே மைக்ரேஷன் வழியாக டெம்போரல் டேபிள் அமைக்கலாம். ஆனால் அதற்கு 'யார்' என்பது தெரியாது, அதற்கு நீங்களே ஒரு நெடுவரிசை வைக்க வேண்டும்.

செமிகோலன்:

கம்பேரர் போட்டேன். இரண்டும் அடங்கிவிட்டன. பிளஸ் பட்டன் ஒரே ஒரு வரி எழுதுகிறது, சேவ்சேஞ்சஸ் 1 தருகிறது, படிவத்திலும் வால் இல்லை.

வார்னிங் பற்றிக் கேட்டீர்களே. போன மாதம் லாக்கில் சத்தம் அதிகம் என்று எரர் மட்டும் வரும்படி நானே வைத்திருக்கிறேன். திறந்துவிட்டுச் செயலியை ஓட்டினால், தொடக்கத்திலேயே, நீங்கள் சொன்ன வாசகம் அப்படியே. மூன்று நாள்!

இனி பழைய ஆடிட் வரிகள்தான். இரு பக்கமும் ஒரே மதிப்பாக இருப்பதை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, அழிக்கவில்லை. அப்டேட் ஒவ்வொரு சேவிலும் பத்து ஃபீல்டையும் எழுதியிருக்கிறது என்றால், ஒவ்வொரு சேவும் அந்த ஆவணத்தின் முழுப் படம். ஆவணம், ஃபீல்டு வாரியாகப் பிரித்து, நேர வரிசையில் அடுக்கி, லேக் ஃபங்ஷனால் முந்தைய வரியின் மதிப்பை எடுத்தால் அதுதான் உண்மையான பழைய மதிப்பு. 417-இல் ஓட்டிப் பார்த்தேன், 'நிர்வாகம்' வந்துவிட்டது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் முதல் திருத்தத்தில் மட்டும் பழைய மதிப்பு கிடைக்காது, ஆடெட் (புதிதாகச் சேர்த்த) நிலையை நான் ஆடிட்டில் எழுதாததால். இன்று அதையும் சேர்க்கிறேன். ஐடி டேட்டாபேஸில்தான் உருவாகிறது, அதனால் அந்த வரியை மட்டும் சேவ் முடிந்த பிறகு எழுத வேண்டும், இல்லையா?

நூல்கண்டு:

ஆமாம். ஆனால் எது ஆடெட் என்ற பட்டியலை சேவுக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் எல்லாமே அன்சேஞ்ச்டு என்றுதான் சொல்லும். இரண்டு சேவ்களையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் வையுங்கள், நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது.