டிஸ்கம்ஃபிட்: யோசுவா அமலேக்கைச் சங்கடப்படுத்தினானா?

பழைய வாத்தியார்:
காலையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ‘தினம் ஒரு ஆங்கிலச் சொல்’ என்று வந்திருக்கிறது: “டிஸ்கம்ஃபிட் (discomfit) என்றால் சங்கடப்படுத்துதல். டிஸ்கம்ஃபர்ட் (discomfort) என்பதன் சுருக்கம்.” அதற்குக் கீழே வரிசையாக நன்றி, நன்றி. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டிஸ்கம்ஃபர்ட்டுக்குள் இருப்பது ‘ஃபோர்டிஸ்’, வலிமை என்ற லத்தீன் சொல். டிஸ்கம்ஃபிட் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, அதன் அடியில் இருப்பது ‘ஃபாக்கெரே’, செய்தல். கட்டிச் செய்ததைக் குலைத்துப் போடுவது. 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போர்க்களச் சொல்லாகவே நுழைந்தது. படையைத் தோற்கடிப்பது, அவ்வளவுதான் பொருள். 1611 ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இஸ்ரவேலர் படையை நடத்திய யோசுவா, அமலேக் என்ற எதிரிக் கூட்டத்தை வாளால் டிஸ்கம்ஃபிட் செய்கிறான். வாளை வைத்துக்கொண்டா சங்கடப்படுத்தினான்?

நைட் ஷிஃப்ட்:
சார், வேர் வேற, ஒத்துக்கிறேன். ‘அவ்வளவுதான் பொருள்’னு கதவைச் சாத்துனீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. தடுமாற வைக்கிற, சங்கடப்படுத்துற பொருள் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்தாச்சு. நீங்க காட்டுற பைபிளுக்கு முன்னாடியே. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைத் திறங்க. போர்ல தோற்கடிக்கிறதுக்குப் பக்கத்துல ‘பழைய வழக்கு’ன்னு போட்டிருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு ஏஜென்சி செய்தியை மொழிபெயர்க்கிறவன் நான். நிருபர் கேட்ட கேள்வியில அமைச்சர் டிஸ்கம்ஃபிட் ஆனார்னு வந்தா, அமைச்சர் போர்ல தோத்தார்னு எழுதட்டுமா?

பழைய வாத்தியார்:
தவறுக்கு வயதானால் சரியாகிவிடுமா தம்பி? ஒலி ஒன்றுபோல் இருக்கிறதென்று குழப்பிக்கொண்டவர்கள் அன்றும் இருந்தார்கள். 31 வருடம் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். யோசுவா சங்கடப்படுத்தவில்லை.

பாளையங்கோட்டை அக்கா:
ஐயா, நீங்க சொன்ன யோசுவா வசனம், யாத்திராகமம் 17:13, உங்க பக்கம்தான், தமிழ்ல ‘முறிய அடித்தான்’னு இருக்கு. ஆனா நியாயாதிபதிகள் 4:15 எடுங்க. இங்கிலீஷ்ல அதே டிஸ்கம்ஃபிட். தமிழ்ல கர்த்தர் சிசெராவைக் ‘கலங்கடித்தார்’. சிசெரா கானான் ராஜாவோட படைத்தலைவன், 900 இருப்பு ரதம் வச்சிருந்தவன். அவன் ரதத்தை விட்டு இறங்கி, கால்நடையா ஓடுறான். ரதத்துல ஓடினாத்தானே சீக்கிரம் தப்பலாம்? மனசு கலங்கினவனுக்கு அதுகூடத் தோணல.

பழைய வாத்தியார்:
அம்மா, தமிழ் பைபிள் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியதல்ல. பழைய ஏற்பாட்டுக்கு மூலம் எபிரேயம். அங்கே இந்த இரண்டு இடத்திலும் இரண்டு வேறு சொல். அதனால்தான் தமிழிலும் இரண்டு. ஆங்கிலச் சொல்லின் பொருளுக்கு இது சாட்சியே அல்ல.

பாளையங்கோட்டை அக்கா:
வேதத்தைச் சாட்சி இல்லைன்னு சொல்லாதீங்க ஐயா. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

நைட் ஷிஃப்ட்:
சார், நீங்களே மாட்டிக்கிட்டீங்க. எபிரேயத்துல ரெண்டு சொல், இங்கிலீஷ்காரன் ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கான். அப்போ முறியடிக்கிறதும் கலங்கடிக்கிறதும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கா இல்லையா?

பழைய வாத்தியார்:
தோற்றவன் கலங்குவான். கலங்கினவனெல்லாம் தோற்றவன் அல்ல. சிசெரா தோற்றான். யோசுவா சங்கடப்படுத்தவில்லை.

அடுப்படி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் ஹோட்டல் கிச்சன்ல இருக்கேன். பிரெஞ்சு சமையல்ல ‘கான்ஃபி’ன்னு ஒண்ணு செய்வோம். வாத்துக்காலை ராத்திரி பூரா உப்புல போட்டுவச்சு, காலையில கழுவித் துடைச்சு, வாத்துக் கொழுப்புக்குள்ளயே முங்க விட்டு, மணிக்கணக்கா சிறுதீயில வைக்கணும். கொதிக்கவே கூடாது, எப்பவாவது ஒரு குமிழி வரலாம். அந்தக் கொழுப்புக்குள்ளயே வச்சா நாள்பட நிக்கும். அந்தக் கான்ஃபியும் சார் சொன்ன ஃபாக்கெரே குடும்பம்தானே?

பழைய வாத்தியார்:
அதே குடும்பம்தான். பக்குவமாகச் செய்து வைத்தது கான்ஃபி. அப்படிச் செய்ததைக் குலைப்பது டிஸ்கம்ஃபிட். பாருங்கள், அடுப்படியில் நிற்பவருக்குப் புரிகிறது. தினம் நாலு பேர் படிக்க எழுதுகிறவருக்குப் புரியவில்லை.

நைட் ஷிஃப்ட்:
இது டிஸ்கம்ஃபிட் கோபம் இல்ல சார், போன மாசக் கோபம். ‘முயற்சிக்கிறேன்’ தப்பு, ‘முயல்கிறேன்’தான் சரின்னு எல்லாருக்கும் பாடம் எடுத்தீங்க. உங்க பதிவுலயே ‘முயற்சிக்கிறார்கள்’னு இருந்ததை நான் எடுத்துக் காட்டினேன். அன்னைலேருந்து என்னைக் கண்டாலே உங்களுக்கு ஆகல.

பழைய வாத்தியார்:
அது தட்டச்சுப் பிழை. அன்றைக்கே சொன்னேன்.

நைட் ஷிஃப்ட்:
ஒரே பிழை மூணு இடத்துலயா? சரி, தமிழுக்கே வருவோம். முறியடிக்கிறதுன்னா படையைத்தானே? இப்போ நூறு மீட்டர் ஓடுறவன் சாதனையை முறியடிச்சான்னு எழுதுறோம். கலக்குறதுன்னா தெளிஞ்சதைக் குழப்புறது. ஆனா மேடையில ஒரு பொண்ணு நல்லாப் பாடினா ‘கலக்கிட்டே’ன்னு கைதட்டுறோம். வேர் அங்கேயேதான் இருக்கு, சொல் நடந்து வந்திருக்கு.

பழைய வாத்தியார்:
‘கலக்கிட்டே’ கொச்சை. அதை உதாரணமாகக் கொண்டுவருகிறவரிடம் லத்தீன் பேசிப் பயனில்லை.

அடுப்படி:
கொச்சைன்னு ஏன் சார் சொல்றீங்க? எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் பேசுவோம்.

நைட் ஷிஃப்ட்:
அப்படிக் கேளுங்க. கொச்சைன்னா யாரோட பேச்சு? அதுக்குத் தனியா ஒரு இழை போடுறேன்.

பழைய வாத்தியார்:
தாராளமாகப் போடுங்கள், அங்கேயும் வருகிறேன். வேர் வேறு என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டீர்கள், அதை மறக்க வேண்டாம். யோசுவா அமலேக்கைச் சங்கடப்படுத்தவில்லை. முறிய அடித்தான்.

பாளையங்கோட்டை அக்கா:
யோசுவாவை விடுங்க ஐயா. நான் கேட்டது சிசெராவை. 900 ரதம் இருந்தும் அவன் ஏன் இறங்கி நடந்து ஓடினான்?