ஓ.டி. கேட்டதுக்கு சார்ஜ் ஷீட், மன்னிப்பு லெட்டர் குடுத்துடவா?

ஒரகடம் பையன்:
அண்ணே, ஒரகடம் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனில 6 வருஷமா பெர்மனன்ட். ஓ.டி.க்கு (ஓவர்டைமுக்கு) டபுள் சம்பளம் போடாம சிங்கிள் ரேட்லயே ஓட்டுறாங்க, போன மாசம் நாலு பேரா போய் ஹெச்ஆர்கிட்ட வாய் வார்த்தையா கேட்டோம், பத்தே நாள்ல எனக்கு மட்டும் சஸ்பென்ஷன், கூடவே சார்ஜ் ஷீட், அதான் கம்பெனி குடுக்குற குத்தச்சாட்டு நோட்டீஸ். பி ஷிஃப்ட்ல லைன விட்டுட்டு போனேனாம், சூப்பர்வைசர அசிங்கமா திட்டினேனாம். நான் போனது பாத்ரூமுக்கு. 3 நாள்ல பதில் வேணுமாம். "மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு உள்ள வந்துடு"ன்னு மேனேஜர் போன்ல சொல்றார். வீட்டுலயும் அதத்தான் சொல்றாங்க.

சங்கத்து ஆளு:
எழுதாத தம்பி. மன்னிப்பு கேட்டா குத்தத்த ஒத்துக்கிட்டன்னு ஆயிடும், அப்புறம் கம்பெனி உள்ளயே நடத்துற என்கொயரி பேருக்குத்தான். இன்னைக்கே டைம் கேட்டு ஒரு லெட்டர் போடு, அந்த ஷிஃப்ட்டோட சிசிடிவி பதிவ அழிக்காம வைங்கன்னு அதுலயே எழுது, லேட் பண்ணா மேல மேல பதிவாகி போயிடும். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத வச்சுக்க. சஸ்பென்ஷன்ல மொத 90 நாள் பாதி சம்பளம் அவங்க குடுத்தே ஆகணும், அதுக்கு மேல இழுத்தா 75 சதவீதம், இழுத்தது நீயா இல்லாத வரைக்கும்.

முன்னாள் ஹெச்ஆர்:
நான் அந்தப் பக்கம் உக்காந்தவன், திட்டாதீங்க. பசங்க கோட்டை விடுறது என்கொயரிலதான். கூட ஒரு சக தொழிலாளிய வச்சுக்கன்னு விடுவாங்க, நல்லா பேசுறவனா பாத்துக்க, சூப்பர்வைசர குறுக்கு விசாரணை பண்றப்ப "என்ன வார்த்தை சொன்னேன், எத்தன மணிக்கு, பக்கத்துல யாரு"ன்னு மூணே கேள்வி போதும். இங்கிலீஷ்ல டைப் பண்ணி பக்கம் பக்கமா கையெழுத்து கேப்பாங்க, தமிழ்ல படிச்சுக் காட்டச் சொல்லு, நீ சொன்னது மாறி இருந்தா அங்கேயே "ஆட்சேபத்துடன்"னு எழுதிட்டு போடு. கோவத்துல எந்திரிச்சு மட்டும் வந்துடாத, நீ இல்லாமலே முடிச்சுடுவாங்க.

சங்கத்து ஆளு:
ஆமா. டிஸ்மிஸ்னே வந்தாலும் லேபர் ஆபீஸ்ல மனு போடலாம், 45 நாள்ல சமரசம் ஆகலன்னா நேரா கேஸ் போடலாம். ஓ.டி. கணக்க தனி மனுவா போடு, இதோட குழப்பாத. நீங்க கேட்ட தேதியையும் சார்ஜ் ஷீட் தேதியையும் மட்டும் பதில்ல ஒரு வரி காட்டு.

ஒரகடம் பையன்:
சரிண்ணே, மன்னிப்பு லெட்டர் எழுதல. ஆனா மார்ச்ல லேட்டா வந்தேன்னு ஒரு மெமோ குடுத்து, "சும்மா ஃபார்மாலிட்டி"ன்னு கையெழுத்து வாங்கினாங்க.

சங்கத்து ஆளு:
அதுல என்ன எழுதியிருந்துச்சு? காப்பி இருக்கா?

ஒரகடம் பையன்:
படிக்கல. காப்பியும் இல்ல.

சங்கத்து ஆளு:
அப்ப அதையும் கேட்டு ஒரு வரி சேத்துக்க. பழைய ரெக்கார்டுன்னு கடைசில அதத்தான் எடுத்துப் போடுவாங்க.